அம்மாவோட வாய்ஸ் நோட்ல தறிச் சத்தம் இல்லாத மூணு நாள்

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிட்டு இருந்தா வேண்டாம், மத்தவங்க போனை எடுங்க. வாட்ஸ்அப்ல உங்க ஃபேமிலி குரூப்பைத் திறங்க. கடைசியா வந்த இருபது மெசேஜைப் பாருங்க.

எங்க குரூப்ல நேத்து நான் எண்ணிப் பார்த்தேன். குரூப்ல மொத்தம் 43 பேர். இருபது மெசேஜ்ல ஒன்பது குட் மார்னிங். ரோஜாப்பூ, காபி டம்ளர், ஒரு முருகர். நாலு பிறந்தநாள் வாழ்த்து, எல்லாம் ஒரே குழந்தைக்கு. மூணு ஃபார்வர்டு. ரெண்டு கல்யாணப் பத்திரிகை. ஒரு ஆர்ஐபி. கடைசியா ஒரு தம்ஸ் அப். அது வாழ்த்துக்கா, ஆர்ஐபிக்கான்னு இப்ப வரைக்கும் தெரியல.

இந்த 43 பேருமே எனக்கு வேண்டியவங்கதான். ஆனா அந்த இருபது மெசேஜை வச்சு, இவங்கள்ல ஒருத்தராவது இப்ப நிஜமா எப்படி இருக்காங்கன்னு சொல்ல முடியுமான்னு கேட்டா, முடியாது.

இன்னிக்கு பேசப் போறது இதைப் பத்திதான். நெருக்கமானவங்களோட மட்டும் ஒரு போட்டோ, ஒரு குரல், ஒரு நிமிஷத்தைப் பகிர்ந்துக்கறதுக்குன்னே வர்ற ஆப்கள். அதெல்லாம் நிஜமாவே நம்மளை நெருக்கமாக்குதா? இதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. ஆனா அது எங்க வீட்டுக் கதை வழியாத்தான் வரும்.

வாலாஜாபாத், ஒரு தறி, ரெண்டு பேர்

நான் வளர்ந்தது வாலாஜாபாத். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல, பாலாற்றங்கரையில இருக்குற ஊர். செங்கல்பட்டு அரக்கோணம் ரயில் பாதையில ஒரு ஸ்டேஷன். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா பேர்ல வந்த ஊர். ராணிப்பேட்டை பக்கம் வாலாஜாபேட்டைன்னு ஒண்ணு இருக்கு, அது வேற. இந்த ஒரு விளக்கத்தை எங்க ஊர்க்காரங்க வாழ்நாள் பூரா சொல்லிட்டே இருப்போம்.

எங்க ஊருக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம் பட்டு. இன்னொரு பக்கம், வண்டலூர் ரோட்டுல போனா ஒரகடம் கம்பெனிகள். எங்க அப்பா அம்மா முதல் பக்கம். தறிதான் தொழில். என் தம்பி ரெண்டாவது பக்கம். ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ். நான் ரெண்டு பக்கமும் இல்லாம சென்னையில, பெருங்குடியில ஒரு ஆபீஸ்ல.

எங்க வீட்ல இருக்குறது குழித்தறி. தரையில குழி எடுத்து, அதுல காலை விட்டு உக்காந்து நெய்யணும். அப்பா அம்மா நெய்யறது கோர்வைச் சேலை. காஞ்சிபுரம் பட்டுன்னா உங்களுக்கு ஞாபகம் வர்ற அந்தச் சேலைதான், உடல் ஒரு நிறம், பார்டர் வேற நிறம். அந்த நிறம் கலக்காம இருக்கணும்னா ஒரே நாடாவை இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் விட முடியாது. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு பார்டருக்கும் ஒவ்வொரு நாடா, மொத்தம் மூணு. ஊடை இழைகள் சேர்ற இடத்துல ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கும். அதனாலதான் கோர்வை. இதுக்கு முறைப்படி ரெண்டு பேர் வேணும். நெய்யறவர் ஒருத்தர். பக்கத்துல உக்காந்து அந்தப் பக்கத்து நாடாவைத் திருப்பி விடுறவர் ஒருத்தர்.

இந்த விவரத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. எங்க வீட்டுத் தறி ஓடணும்னா ரெண்டு பேரும் உக்காந்தாகணும். அப்பா நெய்வார், அம்மா பக்கத்துல. ஒருத்தர் எழுந்தாலும் தறி நின்னுடும்.

நான் சென்னைக்கு வந்ததுல இருந்து அம்மா தினமும் காலையில பத்து பதினோரு மணிக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புவாங்க. போனைத் தறி மரத்துல சாய்ச்சு வச்சு, அந்த மைக்கை மேல தள்ளி லாக் பண்ணிட்டு, நாடாவைத் திருப்பிக்கிட்டே பேசுவாங்க. விஷயம் ஒண்ணும் பெருசா இருக்காது. சாப்டியா, சித்தி வந்திருந்தா, கேஸ் புக் பண்ணணும், கீரைக்காரம்மா இன்னிக்கு வரல. ஆனா பின்னால எப்பவும் அந்தச் சத்தம் இருக்கும். கட்டை அடிக்கிற சத்தம், நடுவுல அப்பா இருமுறது, ரேடியோ.

நான் அதை எப்படிக் கேப்பேன் தெரியுமா? டூ எக்ஸ்ல. வாட்ஸ்அப் 2021ல அந்த வசதியைக் கொண்டு வந்துச்சு, வாய்ஸ் நோட்டை ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வேகத்துல கேக்கலாம். மூணு நிமிஷம் பேசுற அம்மாவை ஒன்றரை நிமிஷத்துல முடிச்சிடலாம். அந்த வேகத்துல தறிச் சத்தம் வெறும் கரகரப்பு மாதிரிதான் கேக்கும்.

தம்பி போட்டுக் கொடுத்த சின்ன ஆப்

2023ல ஒரு நாள் தம்பி என் போனை வாங்கி லாக்கெட்னு ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். சிலர் பயன்படுத்தியிருப்பீங்க. நீங்க எடுக்குற போட்டோ உங்க ஆளுங்களோட ஹோம் ஸ்கிரீன்ல நேரா வந்து உக்காந்துடும். அவங்க ஆப்பைத் திறக்கணும்னு கூட இல்ல. இதைச் செஞ்ச மேட் மாஸ், 2021ல தன் கேர்ள்ஃப்ரெண்டோட பிறந்தநாளுக்குப் பரிசா செஞ்சது இது. ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருக்கப் போறாங்க, ஒருத்தரை ஒருத்தர் போன்ல பார்த்துக்கணும், அவ்வளவுதான் ஐடியா. 2022 ஜனவரியில எல்லாருக்குமா வெளியிட்டார். ஆரம்பத்துல 5 பேரைத்தான் சேர்க்க முடியும், அப்புறம் 20 ஆச்சு.

இந்த மாதிரி ஆப்கள் எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் வேற வேற விதமா முயற்சி பண்ணுது. இன்ஸ்டாகிராம் 2018 நவம்பர்ல க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் கொண்டு வந்துச்சு, அந்தப் பச்சை வட்டம். பிரான்ஸ்ல இருந்து 2020ல பீரியல் வந்துச்சு. நாளுக்கு ஒரு தடவை, எப்பன்னு சொல்லாம ஒரு மணி அடிக்கும், ரெண்டு நிமிஷத்துக்குள்ள முன் கேமரா பின் கேமரா ரெண்டுலயும் போட்டோ எடுக்கணும். உங்க மூஞ்சியும் வரும், உங்க முன்னாடி இருக்குற பாத்திரம் கழுவாத சிங்க்கும் வரும்.

நம்ம வீடுகள்லயும் இது புதுசு இல்ல. எண்பதுகள்ல வளைகுடா நாட்டுக்குப் போனவங்க கேசட்ல பேசி ஊருக்கு அனுப்புவாங்க. இங்க இருந்தும் பேசி அனுப்புவாங்க. லெட்டர்ல "இங்கு அனைவரும் நலம்"னு எழுதிடலாம். கேசட்ல அப்படி முடியாது. குழந்தை அழறது, மாடு கத்துறது, பக்கத்து வீட்டுச் சண்டைன்னு எல்லாம் சேர்ந்து போகும்.

சரி, தம்பி கதைக்கு வரேன். அவன் அனுப்புற போட்டோவுல அழகுன்னு ஒண்ணும் கிடையாது. கம்பெனி பஸ் ஜன்னல், கேன்டீன் சாம்பார், அவன் ஷூ. நான் பார்த்துட்டு ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிடுவேன்.

அந்த மூணு நாள்

2023 ஐப்பசி மாசம். செவ்வாய்க்கிழமை அம்மா வாய்ஸ் நோட் வந்துச்சு. மெட்ரோவுல போகும்போது டூ எக்ஸ்ல கேட்டேன். "இங்க மழைம்மா, குழியில ஈரம் ஊறிடுச்சு, தறி ஓடல"ன்னாங்க. மழைக்காலத்துல குழித்தறிக்கு இது சகஜம்தான். நான் ஒண்ணும் யோசிக்கல. புதன்கிழமையும் ஒரு வாய்ஸ் நோட், அதுவும் டூ எக்ஸ்ல. குடை எடுத்துட்டுப் போன்னு ஒரு வரி.

வியாழக்கிழமை காலையில அம்மா வாய்ஸ் நோட் வந்துச்சு. கேட்டுட்டு ஒரு ஓகே போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு தம்பி போட்டோ என் ஹோம் ஸ்கிரீன்ல வந்துச்சு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து யூனிஃபார்மைத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கான், அதைத்தான் எடுத்திருக்கான். ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல சும்மா பார்த்தேன். அப்புறம் திரும்பவும் பார்த்தேன்.

போட்டோவுல நல்ல வெயில். துணியோட நிழல் தரையில கறுப்பா விழுந்திருக்கு. ஓரத்துல, படியில, எங்க அப்பா உக்காந்திருக்கார். வலது கையால இடது கையைப் பிடிச்சுக்கிட்டு.

வேலை நாள்ல காலை பதினோரு மணிக்கு எங்க அப்பா தறியை விட்டுட்டு படியில உக்காந்து நான் பார்த்ததே இல்ல.

மீட்டிங்ல இருந்து எழுந்து வெளிய வந்தேன். அந்த மூணு வாய்ஸ் நோட்டையும் சாதாரண வேகத்துல கேட்டேன். மூணுலயும் தறிச் சத்தம் இல்ல, ரேடியோ இல்ல. அம்மா குரல் மட்டும்தான், அதுவும் மெதுவா, யாரோ தூங்கிட்டு இருக்குற ரூம்ல பேசுற மாதிரி.

போன் பண்ணேன். "மழைன்னியே, வெயில் இப்படி அடிக்குது?"

"அது... விட்டுவிட்டுப் பெய்யுதும்மா."

"அம்மா, அப்பாவுக்கு என்ன?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னாங்க. "ஒண்ணும் இல்ல கண்ணு. செவ்வாக்கிழமை காலையில கை மரத்துப் போன மாதிரி இருந்துச்சாம். பேச்சும் கொஞ்சம் குழறுச்சு. மத்தியானத்துக்குள்ள பேச்சு சரியாயிடுச்சு. கைதான், நாடாவைப் பிடிச்சா நழுவுது. தைலம் தேச்சிருக்கோம்."

அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நான் சென்னையில இருந்து வர்றதுக்குள்ள தம்பி சேர்த்துட்டான். டாக்டர் சின்ன ஸ்ட்ரோக்னு சொன்னார். பிரஷர் இருந்திருக்கு, யாருக்கும் தெரியல.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி ஒண்ணு சொல்லணும், கவனமா கேளுங்க. திடீர்னு ஒரு பக்கம் முகம் கோணுது, ஒரு கை மரத்துப் போகுது, பேச்சு குழறுதுன்னா அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம். தானா சரியானாலும் காத்திருக்கக் கூடாது. உடனே 108க்கு அடிங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து பொதுவா முதல் நாலரை மணி நேரத்துக்குள்ள கொடுக்க வேண்டியது. நாங்க போனது மூணாவது நாள்.

அப்பா நல்லா இருக்கார். நடக்கிறார், பேசுறார், தம்பியைத் திட்டுறார். ஆனா இடது கை பழையபடி முழுசா வரல.

அம்மாகிட்ட இருந்தது ரெண்டு வழிதான்

ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துட்டு இருக்கும்போது நான் குரூப்பைத் திறந்து பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும் அம்மா குட் மார்னிங் போட்டிருக்காங்க. மூணுக்கும் சேர்த்து முப்பது பேருக்கு மேல கும்பிடு போட்டிருக்காங்க. ரெண்டு தெரு தள்ளி இருக்குற சித்திக்குக் கூட விஷயம் தெரியல.

அம்மா மேல எனக்குக் கோவம். "ஏம்மா சொல்லல?"ன்னு கேட்டேன். அவங்க சொன்ன பதில் இன்னிக்கும் காதுல இருக்கு. "குரூப்ல போட்டா ஊரே வந்து வீட்ல நிக்கும். உன்கிட்ட சொன்னா நீ வேலையை விட்டுட்டு ஓடி வருவ. சும்மா கை மரத்துப் போனதுக்கு யார்கிட்ட என்னன்னு சொல்றது?"

யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, எல்லாருக்கும் தெரியணும். இல்லன்னா யாருக்கும் தெரியக் கூடாது. அம்மாகிட்ட இருந்தது இந்த ரெண்டு வழிதான். நடுவுல, "என்னமோ மாதிரி இருக்கு, பெருசா ஒண்ணும் இல்ல, சும்மா சொல்லி வைக்கிறேன்"னு சொல்றதுக்கு ஒரு இடம் இல்ல.

நான் அந்த நடு இடமா இருந்திருக்கணும். ஏன் இல்ல? இதை நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒத்துக்கிட்டேன். நான் அம்மாவுக்கு அனுப்புறதும் குட் மார்னிங் மாதிரிதான் இருந்துச்சு. ஆபீஸ் பார்ட்டி, பாண்டிச்சேரி டிரிப், புது டிரஸ். அந்த வருஷம் வேலையில எனக்கு ரொம்ப மோசமா போய்ட்டு இருந்துச்சு. ரெண்டு தடவை பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. கவலைப்படுவாங்கன்னு நான் மறைச்சேன். கவலைப்படுவேன்னு அவங்க மறைச்சாங்க.

தம்பியோட போட்டோ எதனால வேலை செஞ்சுச்சு? அவன் எதையும் சொல்ல வரல. "அக்காகிட்ட சொல்லாதடா"ன்னு அம்மா அவன்கிட்ட சொல்லி வச்சிருந்தாங்க, அவனும் அதைக் காப்பாத்திட்டான். துணியைத்தான் எடுத்தான். ஓரத்துல இருந்ததை வெட்டல, அவ்வளவுதான். என் கணக்குல, நெருக்கமானவங்களோட பகிர்ந்துக்கறதுன்னா இதுதான். பின்னாடி இருக்குறதை வெட்டாம அனுப்புறது. பீரியல் ரெண்டு கேமரா வச்சதுக்கும், கேசட்ல மாடு கத்துனதுக்கும், அம்மாவோட தறிச் சத்தத்துக்கும் மதிப்பு ஒண்ணுதான்.

ஆனா அந்த ஆப்தான் அப்பாவைக் காப்பாத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அதே போட்டோவை என் ஆபீஸ் ஃப்ரெண்டு பார்த்திருந்தா, ஒரு பெரியவர் வெயில்ல உக்காந்திருக்கார், அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும். பதினோரு மணிக்கு அந்தப் படி காலியா இருக்கணும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அதுல சேதி இருக்கு.

இந்த ஆப்கள் ஏன் நிலைக்கிறது இல்ல

இப்ப கொஞ்சம் வெளிய போய் பார்ப்போம். சின்ன வட்டத்துக்குன்னு வந்த ஆப்கள்ல எனக்கு ரொம்ப பிடிச்ச கதை பாத் ஆப்போடது. 2010 நவம்பர்ல அமெரிக்காவுல ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் டேவ் மோரின், முன்னாடி ஃபேஸ்புக்ல இருந்தவர். அதுல 50 பேருக்கு மேல சேர்க்கவே முடியாது. ராபின் டன்பார்னு பிரிட்டிஷ் மானுடவியலாளர் ஒருத்தர், ஒரு மனுஷனால சுமார் 150 பேரோடதான் நிஜமான உறவு வச்சுக்க முடியும்னு சொன்னார். அதுக்குள்ளேயும் வட்டங்கள், ரொம்ப நெருக்கம் 5 பேர், அடுத்து 15, அடுத்து 50. அந்த 50ஐ எடுத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் அதுல தூங்கப் போறேன், எழுந்துட்டேன்னு சொல்ல ஒரு பட்டன் வச்சாங்க. ஊர் உலகத்துக்குச் சொல்ற விஷயமா அது? அம்மாவுக்குச் சொல்ற விஷயம்.

ஆனா கம்பெனி வளரணும். வளர்ந்தாத்தான் முதலீடு போட்டவங்களுக்குப் பதில் சொல்ல முடியும். 50 பேர் 150 ஆச்சு. 2012ல, பயனர்களோட போன்ல இருக்குற மொத்த தொடர்பு எண்களையும் கேக்காமலே சர்வருக்கு ஏத்துதுன்னு வெளிய வந்துச்சு. மோரின் மன்னிப்புக் கேட்டார். 2013ல அமெரிக்க வர்த்தக ஆணையத்தோட வழக்குல 8 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. அதுல பெரிய குற்றச்சாட்டு, 13 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைகளோட தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாம சேகரிச்சது. 2015ல ஒரு கொரியக் கம்பெனி வாங்குச்சு. 2018 அக்டோபர் 18, மூடியாச்சு. அந்தத் தூங்கப் போறேன், எழுந்துட்டேன் எல்லாம் அதோட முடிஞ்சுது.

ஃபேமிலி ஆல்பத்தை வாடகை வீட்டுப் பரண்ல வச்சிருக்கோம்னு நினைச்சுக்கோங்க. வீட்டுக்காரர் எப்ப வேணா காலி பண்ணச் சொல்லலாம்.

நம்ம பக்கத்து உதாரணம் அரட்டை. நம்ம ஊர் ஸோஹோ கம்பெனி, தமிழ்ப் பேரு. 2021 ஜனவரியில வந்தது. 2025 செப்டம்பர்ல திடீர்னு எல்லாரும் இறக்குனாங்க. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துட்டு இருந்தது மூணே நாள்ல மூன்றரை லட்சம் ஆயிடுச்சுன்னு ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நானும் போட்டேன். அம்மாவுக்கும் போடலாமான்னு கேட்டேன். அம்மா சொன்னாங்க, "பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க சித்தி அதுல இருக்காளா?"

சித்தி இல்ல. அதோட பேச்சு முடிஞ்சுது. எந்த ஆப் நல்லதுன்னு நாம எவ்வளவு வேணா ஆராய்ச்சி பண்ணலாம். வீட்ல கேக்குற முதல் கேள்வி, அங்க யாரு இருக்காங்க? அதனாலதான் நான் இன்னிக்கு உங்ககிட்ட ஒரு ஆப்பையும் சிபாரிசு பண்ணப் போறது இல்ல.

நாங்க என்ன மாத்தினோம்

எங்க வீட்ல மாத்தினதை மட்டும் சொல்றேன். வேணும்னா எடுத்துக்கோங்க.

முதல் விஷயம், 43 பேர் குரூப் அப்படியே இருக்கு. அதைக் கிண்டல் பண்றதை நிறுத்திட்டேன். கல்யாணம், சாவு எல்லாம் சேதி போகணும்ல, அதுக்கு அது வேணும். ஆனா தனியா நாலு பேருக்கு ஒரு குரூப். அப்பா, அம்மா, தம்பி, நான். அதுல குட் மார்னிங் கிடையாது, ஃபார்வர்டு கிடையாது.

ரெண்டாவது, அங்க நல்லதை மட்டும் போடுறது இல்ல. நான்தான் ஆரம்பிச்சேன். கருகின தோசை. பஸ் கிடைக்காம மழையில நின்னது. மேனேஜர் திட்டின அன்னிக்கு, "இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு"ன்னு அரை நிமிஷ வாய்ஸ். முதல் தடவை அம்மா பதறிப் போய் போன் பண்ணாங்க. பத்தாவது தடவை "சாப்ட்டுத் தூங்கு, நாளைக்குச் சரியாப் போகும்"னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு அம்மா அவங்களா ஒரு வாய்ஸ் அனுப்பினாங்க. "இன்னிக்கு முட்டி வலி ஜாஸ்தியா இருக்குதும்மா, சும்மாதான் சொன்னேன்." அந்தச் சும்மாவுக்குத்தான் நான் அத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தேன்.

மூணாவது, ஹார்ட் போட்டுட்டுப் போறது இல்ல. ஒரு கேள்வியாவது கேக்கணும். தம்பி சாம்பார் போட்டோ போட்டா, "இன்னிக்கும் முருங்கைக்காய் இல்லையா?"ன்னு கேட்டாப் போதும்.

நாலாவது, மாசத்துக்கு ஒரு தடவை போட்டோ, வாய்ஸ் நோட் எல்லாத்தையும் லேப்டாப்புக்கும் ஒரு பென் டிரைவுக்கும் மாத்திடுறேன். பாத் கதை ஞாபகம் இருக்குல்ல?

அஞ்சாவது, இது கொஞ்சம் சிக்கலானது. நெருக்கம்னு பேரு வச்சுட்டு வேவு பார்க்கக் கூடாது. எனக்கு மெசேஜ் பண்ற நிறைய பொண்ணுங்க சொல்ற விஷயம் இது. லைவ் லொகேஷன் ஆன் பண்ணு, எங்க இருக்கன்னு போட்டோ அனுப்பு, பக்கத்துல யாரு? இதைப் பாசம்னு சொல்லிக் கேப்பாங்க. எங்க நாலு பேருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. அனுப்புறது அனுப்புறவங்க இஷ்டம். ரெண்டு நாள் தம்பி ஒண்ணும் போடலன்னா, "நல்லா இருக்கியா?"ன்னு கேக்கலாம். "ஏன் போடல?"ன்னு கேக்கக் கூடாது. அதே மாதிரி, உள்ள வந்தது வெளிய போகக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் கூட. நம்பி அனுப்புனதை யாராவது வெளிய விட்டு மிரட்டினா அது உங்க தப்பு இல்ல. தேசிய சைபர் க்ரைம் உதவி எண் 1930. பேசுங்க.

பார்வேட்டை அன்னிக்கு வந்த வீடியோ

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குக் கிளம்புவார். ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியா பழைய சீவரம் மலைக்குப் போவார். வழி பூரா கோலம், கூட்டம். எங்க ஊருக்கு அது ஒரு பெரிய நாள். இந்தத் தடவை ஆபீஸ்ல லீவு கிடைக்கல, என்னால போக முடியல.

43 பேர் குரூப்ல அன்னிக்கு பெருமாள் படம் குவிஞ்சுது. எல்லாம் யாரோ நல்ல கேமராவுல எடுத்தது. நாலு பேர் குரூப்ல அம்மா ஒரு வீடியோ போட்டாங்க. பாதி வீடியோ யாரோ ஒருத்தர் முதுகு. பெருமாள் ஓரமா ஒரு நொடி வந்துட்டுப் போயிட்டார். நாதஸ்வரம் கேக்குது, யாரோ தள்ளாதீங்கன்னு கத்துறாங்க, நடுவுல அப்பா குரல், "பார்த்துட்டியா? அவளுக்குத் தெரியுதான்னு கேளு."

தெரிஞ்சுதுப்பா.

இப்ப தறியில ரெண்டு பேரும் இடம் மாறிட்டாங்க. அம்மா நெய்யறாங்க, அப்பா பக்கத்துல உக்காந்து நல்ல கையால நாடாவைத் திருப்பி விடுறார். முன்னாடி ஒரு சேலைக்கு ஆன நாளை விட இப்ப கூடுதல் நாள் ஆகுது. வாய்ஸ் நோட்ல சத்தமும் முன்னாடி விட மெதுவாத்தான் வருது. அடி, கொஞ்சம் இடைவெளி, அடி. அந்த இடைவெளி அப்பாவோட கை. ஒரு நாள் நல்லா இருந்தா கொஞ்சம் குறையும், முடியலன்னா கூடும். அம்மா சொல்லாமலே எனக்குத் தெரியும். ஏன்னா இப்ப நான் அதை ஒன் எக்ஸ்லதான் கேக்குறேன்.

இன்னிக்கு உங்களுக்கு வந்திருக்குற வாய்ஸ் நோட்ல ஒண்ணையாவது அப்படிக் கேட்டுப் பாருங்க. பின்னாடி என்ன சத்தம் வருதுன்னு கவனிங்க. அப்புறம் ஒரு போன் பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.